பால்பாண்டியின் குடலில் பதினோரு வகை

மாசி 28 — காலை 07:15

முதல் தொட்டி: 22 டன், விற்பனைக்கு. இரண்டாம் தொட்டி: காலி, கழுவி உலர்த்தியது. மூன்றாம் தொட்டி: 9 டன், பழைய தண்ணீர். மின்சாரம் 11 கிலோவாட். காற்று சரி. உள்வெப்பம் 21 டிகிரி. கோளாறு எதுவும் இல்லை, என் வயிறு தவிர. அது கிடங்கு விவரத்தில் சேராது.

குறிப்பேடு எழுதுவது இந்தத் தடத்தின் சட்டம். எனக்குப் பிறகு கிடங்கை எடுத்து நடத்தப்போகிறவர் படிப்பதற்காம். யாராக இருந்தாலும் வணக்கம். நான் தவசிக்கனி. தூத்துக்குடியில் மூன்று சக்கர வண்டியில் தண்ணீர்க் கேன் போட்டு ஆரம்பித்தவன். பிறகு ஒரு டேங்கர் லாரி, பிறகு நாலு, பிறகு பனிக்கட்டி இழுக்கும் படகில் பங்கு. இப்போது சிறுகோள் தடத்தில் இந்த ஏழாம் கிடங்கு. இருபத்திரண்டு வருடமாகத் தனியாள்.

தொழில் எளிது. கப்பல்காரன் பழைய தண்ணீரைக் கொடுப்பான், நான் சுத்தம் செய்ததைக் கொடுப்பேன். வாங்கும் தண்ணீரில் முதல் வாய் நான் குடித்துப் பார்ப்பேன். குளிர்விப்பான் திரவத்தைக் கலந்து எடை கூட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். கருவியை ஏமாற்றலாம், நாக்கை ஏமாற்ற முடியாது. சுவை பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன். தடத்தில் எல்லோரும் இப்படித்தான். வாய் வைக்காமல் வாங்குகிறவனை இங்கே வியாபாரி என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்த வரவு: ‘வலம்புரி’, பங்குனி 21. சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பும் 31 பேர். தலைமை பெனித்தா, எங்கள் ஊர்க் கடற்கரைப் பெண். தை மாதம் சுரங்கத்துக்கு நான் இழுவைப் படகில் அனுப்பிய தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டு வருகிறார்கள். என்னிடம் ஆறு டன் நிரப்பினால்தான் வீடு வரைக்கும் தாங்கும்.

பங்குனி 1 — காலை 08:40

மருந்துப் பெட்டி வந்தது. நான் எதிர்பார்த்த ஊசி அதில் இல்லை. இது இரண்டாவது முறை.

வெளிப்படையாக எழுதுகிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பத்து வருடம் ஆகிறது. எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு: எல்லோருக்கும் வருகிற மாதிரி வந்தது. பூமியில் ஒரே ஊசியில் தீர்த்துவிடுகிறார்களாம். இந்தத் தடத்துக்கு இன்னும் பழைய மருந்துதான், ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. போட்டுக்கொண்டால் ஒன்றுமில்லை, மற்றவர்களைப் போல இருக்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆனால் மருந்து கேட்டு எழுதினால் தடம் முழுக்கத் தெரிந்துவிடும். மருந்துக் கிடங்கில் இருப்பவன் வாயில் எதுவும் நிற்காது. தண்ணீர் வியாபாரிக்கு இந்தப் பேச்சு வந்தால் அன்றோடு கடையை மூட வேண்டியதுதான். அதனால் ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஆளை வேலைக்கு வைத்தேன். பெயர் பால்பாண்டி, சுமை ஏற்றுகிறவர், வயது 40, எச்.ஐ.வி. உண்டு. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. அவர் பெயருக்கு ஊசி வரும், நான் போட்டுக்கொள்வேன். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டதுண்டு.

போன ஆனியில் மருந்து அலுவலகம் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்திருக்கிறது. இன்று வந்த கடிதம்: “பால்பாண்டி, ஏழாம் கிடங்கு. மூன்று முறை அழைத்தும் நேர்காணலுக்கு முகம் காட்டவில்லை. இல்லாதவராகக் கருதி நீக்கப்படுகிறது.”

சரியாகத்தான் கருதியிருக்கிறார்கள்.

பங்குனி 4 — பகல் 11:05

கார்த்திகையிலிருந்து வயிற்றுப்போக்கு. எடை 71 இருந்தது, இன்று 54.

டாக்டர் ஜுலைகாவிடமிருந்து செய்தி. செவ்வாய்ச் சுற்றுநிலைய மருத்துவமனையில் இருக்கிறார், காயல்பட்டினத்துக்காரர். ஒரு பேச்சு போய்ச் சேரவே இருபத்தாறு நிமிடம். எச்.ஐ.வி. உள்ளவர்களின் குடலில் என்னென்ன ஒட்டுண்ணிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மரபணு வகை என்று தடம் முழுக்க ஆராய்கிறார். பதினைந்து கிடங்கில் மரபணு வாசிப்பான் ஒன்று வைத்திருக்கிறார். என்னிடமும் ஒன்று. மாதிரியை உள்ளே வைத்தால் அதுவே படித்து அவருக்கு அனுப்பும். இடம் கொடுத்ததற்குத் தண்ணீர் வடிக்கும் சல்லடை ஒரு டஜன் இலவசம் என்று பேசி வைத்தேன். மாதிரி பால்பாண்டியுடையது என்று எழுதி வைப்பேன்.

“அண்ணாச்சி, பால்பாண்டி எப்படி இருக்கார்? மூணு மாசமா மாதிரியே வரலை. அவர்ட்ட ஒரு தடவை நேரா பேசணுமே. ஒன்பது வருஷமா அவருக்குத் தொண்டை கட்டியிருக்குன்னே சொல்றீங்க. அப்படி என்ன தொண்டை அது?”

சுமை ஏற்றப் போயிருக்கிறார் என்று பதில் அனுப்பினேன்.

ஐம்பத்திரண்டு நிமிடம் கழித்து: “சரி. சுமை ஏத்துறவர் இறங்கி வந்ததும் மாதிரி வைக்கச் சொல்லுங்க. அப்புறம், போன செய்தியில மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பேசினீங்க. வயித்தால போறது பால்பாண்டிக்கு, இளைச்சுப் போறது நீங்களா? நான் ஒண்ணும் கேட்கலை. இன்னிக்கே வைங்க.”

வைத்தேன்.

பங்குனி 7 — காலை 09:30

முடிவு வந்தது. டாக்டரின் செய்தியைச் சுருக்காமல் எழுதுகிறேன்.

“அண்ணாச்சி, உட்கார்ந்து கேளுங்க. ஒட்டுண்ணி பேர் கிரிப்டோஸ்போரிடியம். சும்மா கிரிப்டோன்னு வச்சுக்குவோம். நல்ல உடம்புல பத்து நாள் வயித்தால போகும், அப்புறம் உடம்பே விரட்டிடும். எச்.ஐ.வி.க்கு மருந்து போடாம எதிர்ப்புச் சக்தி இறங்கிட்டா, விரட்ட ஆளில்லை. வந்தது எல்லாம் தங்கிடும். ஒரு ஆள்ட்ட ஒரு வகை பார்ப்பேன், மிஞ்சினா ரெண்டு. பால்பாண்டி குடல்ல பதினோரு வகை இருக்கு. நான் எங்கயும் பார்த்ததில்லை. பதினோரு ஊர்த் தண்ணியைக் குடிச்ச மாதிரி. என்ன செய்றார் அவர்?”

ஊர் அல்ல, கப்பல்கள். என்னால் பெயரே சொல்ல முடியும். எந்த மாதம், எந்தக் குழாயில் வாய் வைத்தேன் என்பது வரைக்கும். துப்பினால் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அந்த ஒட்டுண்ணியின் பத்து முட்டை போதுமாம், கண்ணுக்குத் தெரியாதவை.

பங்குனி 9 — காலை 10:10

மின்சாரம் 11. உள்வெப்பம் 20. இன்று காலை மட்டும் ஏழு முறை போனேன்.

“அண்ணாச்சி, இனி பால்பாண்டி வேண்டாம். உங்க பேர்லயே பேசுறேன். ‘நீலமணி’ கப்பல்ல பதினாலு பேருக்கு வயித்தால போகுது. ரெண்டு பேர் இறந்துட்டாங்க. எச்.ஐ.வி. இல்லாதவங்க, நல்ல திடகாத்திரமான ஆட்கள். அவங்ககிட்ட இருக்கிற வகை புதுசு. உங்க மாதிரியில பதினோரு வகையில ரெண்டு, மத்த ஒன்பதுல இருந்து கலந்து பிறந்தது. ஒரே குடல்ல பல வகை மாசக்கணக்கா சேர்ந்து இருந்தா அதுக ஒண்ணோட ஒண்ணு கலக்கும். அதுல ஒண்ணுதான் ‘நீலமணி’யில இருக்கு. எழுத்துக்கு எழுத்து அதேதான். எங்ககிட்ட இருக்கிற மருந்து அதுக்குக் கேட்கலை. அவங்க மாசி மாசம் உங்ககிட்ட தண்ணி எடுத்திருக்காங்க.”

பிறகு சொன்னார்:

“இது நோயோட குத்தம் இல்லை. ஊசி வந்திருந்தா இது நடந்திருக்காது. சல்லடையைப் பாருங்க.”

பார்த்தேன். குளோரினுக்கு இந்த முட்டை சாகாது, சல்லடைதான் பிடிக்க வேண்டும். டாக்டர் கொடுத்த புதுச் சல்லடைகளை நான் எட்டாம் கிடங்குக்கு விற்றுவிட்டேன். பழையதையே குளோரினில் கழுவிக் கழுவிப் போட்டேன். சல்லடை நன்றாகத்தான் இருக்கிறது. சுற்றி இருக்கும் ரப்பர் வளையத்தைக் குளோரின் தின்றிருக்கிறது. தண்ணீர் சல்லடை வழியாகப் போகாமல் ஓரமாகப் போயிருக்கிறது. கிருமி கொல்லும் புற ஊதாக்கதிர் விளக்கும் பாசி பூத்து மங்கிக் கிடக்கிறது. என் கழிப்பறைத் தண்ணீரும் அதே வழியில்தான் சுத்தமாகிறது.

வளையத்தை விரலால் தொட்டேன். மாவாக உதிர்ந்தது.

பங்குனி 10 — காலை 07:50

‘நீலமணி’க்கு டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்தது ‘வலம்புரி’. அவர்கள் தை மாதத்துத் தண்ணீரை இந்த நிமிடமும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெனித்தாவுக்குச் செய்தி அனுப்பினேன். சல்லடையில் சின்னக் கோளாறு, ஒன்றும் பயமில்லை, வருகிற வரைக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று. உண்மை சொல்லவில்லை. சொல்லாமலே காரியம் முடிந்தால் நல்லதுதானே என்று பார்த்தேன்.

“என்ன அண்ணாச்சி, தை மாசம் வித்த சரக்குக்குப் பங்குனியில பக்குவம் சொல்லுதியளா? நல்ல வியாபாரம். இங்க அடுப்புக்கே கரண்டு அளந்துதான் விடுதோம். முப்பத்தொரு பேருக்குத் தண்ணி கொதிக்க வச்சா சோத்த எதுல பொங்குறது? எங்க தொட்டிக்காரரு சிலுவை சொல்லுதாரு, பழசக் கொட்டிட்டுப் புதுசக் கூட வாங்கட்டும்னு அண்ணாச்சி ஏதோ பூச்சாண்டி காட்டுதாருன்னு. ரெண்டு மூணு பேருக்கு வயித்தால போவத்தான் செய்யுது. அது சிலுவை வச்ச கருவாட்டுக் குழம்பு. வரும்போது பேசிக்கிடுவோம்.”

பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

கொதிக்க வைக்க மாட்டார்கள். தண்ணீர் வியாபாரத்தில் இரண்டே பொய்தான்: இருக்கிறது என்பது ஒன்று, இல்லை என்பது ஒன்று. இரண்டையும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். என் வாயிலிருந்து வரும் எச்சரிக்கைக்கு என்ன மதிப்பு?

பங்குனி 11 — காலை 06:30

யோசித்தாகிவிட்டது. பெனித்தாவிடம் மட்டும் சொல்லலாம். ஆனால் தடத்தில் ஓடும் மூன்று இழுவைப் படகிலும் என் தண்ணீர் இருக்கிறது, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பொது அலைவரிசையில் பேசினேன். பேசியது இதுதான், பதிவிலிருந்து எழுதுகிறேன்:

“ஏழாம் கிடங்கு தவசிக்கனி பேசுறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பால்பாண்டின்னு யாரும் இல்ல, அது நான்தான். ஒரு வருஷமா மருந்து வரல. என் குடல்ல கிரிப்டோன்னு ஒரு ஒட்டுண்ணி புதுசா ஒரு வகை உண்டாகியிருக்கு. சல்லடை ஓட்டையில அது தண்ணிக்குப் போயிருக்கு. ‘நீலமணி’யில ரெண்டு பேர் அதுலதான் செத்தாங்க. கார்த்திகைக்கு அப்புறம் என்கிட்ட தண்ணி எடுத்தவங்க யாரும் பச்சையாக் குடிக்காதீங்க. கீழ கொட்ட வேண்டாம். கொதிச்சா அது செத்துப்போகும், அப்புறம் தாராளமாக் குடிக்கலாம். எச்.ஐ.வி. தண்ணியில பரவாது. நம்பலேன்னா டாக்டர் ஜுலைகாவைக் கேளுங்க.”

மூன்று முறை சொன்னேன்.

பங்குனி 12 — பகல் 12:20

வந்த பதில்களில் சில:

“தவசிக்கனி, உம்ம கையால காப்பி வேற குடிச்சிருக்கேன் வே.”

“பால்பாண்டிக்கு என் அனுதாபம். நல்ல மனுஷன்.” இதற்குச் சிரிப்பு.

“எங்க வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு. நீயெல்லாம் நல்லா இருப்பியா?”

இழுவைப் படகுகள் மூன்றும் கொதிக்க வைப்பதாகச் சொல்லிவிட்டன. அது போதும்.

பிறகு பெனித்தா. குரல் வேறு மாதிரி இருந்தது.

“அண்ணாச்சி, நான் தூங்கி எந்திக்கதுக்குள்ள செஞ்சிட்டானுவ. தொட்டித் தண்ணி மொத்தத்தையும் வெளிய தெறந்து விட்டுட்டானுவ. கழிவுத் தண்ணி சுத்தம் பண்ணுத மிஷினையும் மூடிட்டானுவ, அதுலயும் உங்க தண்ணிதான் சுத்துதுன்னு. கொதிக்க வச்சாப் போதும்னு அண்ணாச்சி தெளிவாச் சொன்னாரேன்னேன். ‘அவன் தொட்ட தண்ணியக் கொதிக்க வச்சு நீ குடி’ங்கான் சிலுவை. அவசரத் தொட்டி மட்டும் இருக்கு. சுரங்கத்துக் காலத்துப் பனித் தண்ணி. முழுசாக் குடிச்சாப் பன்னெண்டு நாளு.”

பன்னிரண்டு நாள் போதும். ஒன்பதாவது நாள் இங்கே வந்துவிடுவார்கள். அதற்குள் ஆறு டன்னைக் கொதிக்க வைத்து வைக்க வேண்டும்.

பங்குனி 13 — காலை 08:00

முதல் தொட்டியிலிருந்து இரண்டாம் தொட்டிக்கு ஆறு டன் மாற்றினேன். எல்லா வேலையும் கையுறை போட்டு, எந்திரக் கையால். கிடங்கு ஓட 7 கிலோவாட் போகிறது. மிச்சம் 4. அதைக் கொண்டு ஆறு டன்னை 75 டிகிரிக்கு ஏற்ற ஐந்து நாள் பிடிக்கும். கொதிக்கவே வேண்டியதில்லை, அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் நின்றாலே முட்டை செத்துவிடும். தொட்டிச் சுவர் வழியாகப் போகும் சூட்டை ஈடுகட்ட என் அறைச் சூட்டை அணைத்தேன்.

தண்ணீர் 9 டிகிரி. அறை 12.

பங்குனி 15 — காலை 09:15

தண்ணீர் 34. அறை 4. வயிறு நிற்கவில்லை. என் குடிதண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து உப்பும் சர்க்கரையும் போட்டுக் குடிக்கிறேன். குடித்ததைவிட அதிகம் போகிறது.

டாக்டர்: “மருந்துக் கப்பல் கிளம்பிடுச்சு. அறுபத்தெட்டு நாள். ஊசி உங்க பேர்லயே எழுதியிருக்கேன், தவசிக்கனின்னு. அதுவரைக்கும் எப்படியாவது… ‘நீலமணி’யில மூணாவது ஆளும் போயிட்டார். இழுவைப் படகு மூணுலயும் யாருக்கும் ஒண்ணும் இல்லை. அது நீங்க பேசினதால. அதையும் எழுதி வைங்க.”

எழுதிவிட்டேன்.

பங்குனி 18 — பகல் 13:40

தண்ணீர் 75 டிகிரி. ஒரு மணி நேரம் அதே சூட்டில் நிறுத்தினேன். வாசிப்பானில் மாதிரி வைத்தேன், டாக்டர் பார்த்துச் சொன்னார்: முட்டைகள் இருக்கின்றன, எல்லாம் செத்தவை. தொட்டியைப் பூட்டினேன். குழாய் முனையை அவர்கள் பக்கத்திலிருந்தே திறந்துகொள்ளும்படி மாற்றி வைத்தேன். அவர்கள் வந்து போகிற வரைக்கும் நான் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். யாரும் என் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம்.

இதையெல்லாம் பெனித்தாவுக்குச் சொன்னேன்.

பங்குனி 19 — காலை 07:30

இன்று 11:20க்குள் ‘வலம்புரி’ வேகம் குறைக்க வேண்டும். குறைத்தால் இங்கே நிற்கலாம். தவறினால் கடந்து போய்விடும், திரும்பி வர எரிபொருள் கிடையாது.

09:10. பெனித்தா: “ஓட்டுப் போட்டானுவ அண்ணாச்சி. இருபத்தாறுக்கு அஞ்சு. எட்டாம் கிடங்குக்குப் போறதாம்.”

எட்டாம் கிடங்குக்குச் சித்திரை 5இல்தான் போய்ச் சேரலாம். கொட்டிய நாளிலிருந்து இருபத்துமூன்று நாள். பன்னிரண்டு நாள் தண்ணீர்.

09:25. நான் பெனித்தாவிடம் பேசவில்லை, சிலுவையிடமே பேசினேன். கெஞ்சினேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

09:40. சிலுவை: “நீரு பேசினது போதும் வே. பன்னெண்டு நாள்த் தண்ணிய அரை அளவாக் குடிச்சா இருபத்திநாலு நாளு. கணக்குத் தெரியாமலா இருக்கோம்? உம்ம தண்ணியக் குடிச்சிட்டு ஊருக்குப் போனா எம் பொண்டாட்டி என்னைய வீட்டுக்குள்ள விடுவாளா? நாளைக்கு எவன் எங்களுக்கு வேல குடுப்பான், ஏழாம் கிடங்குத் தண்ணி குடிச்சவனுவன்னு?”

09:50. ஏற்கெனவே வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்கு அரை அளவு பத்தாது என்றேன். கருவாட்டுக் குழம்பு இல்லை அது, உங்கள் வயிற்றில் இப்போதே அது இருக்கிறது, இன்னும் பலருக்கு வரும், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் கேட்கும் என்றேன்.

10:15. டாக்டரின் செய்தியும் போனது. கிளம்பிய நேரத்தைப் பார்த்தேன். நான் கேட்டது அங்கே போய்ச் சேருவதற்கு முன்னாலேயே பேசியிருக்கிறார். “சிலுவை அண்ணன், நான் டாக்டர் சொல்றேன். அந்தத் தண்ணியை நான் குடிப்பேன். என் பிள்ளைக்குக் கொடுப்பேன். வேகத்தைக் குறைங்க.”

11:05. தொலைநோக்கியை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

11:19. தொலைநோக்கியில் ‘வலம்புரி’ ஒரு புள்ளி. வேகம் குறைக்க எஞ்சினை எரியூட்டினால் வெளிச்சம் தெரியும்.

11:20.

11:26. வெளிச்சம் இல்லை.

11:50. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை. நேரம் முடிந்துவிட்டது.

பங்குனி 21 — காலை 10:00

இன்று வரவேண்டிய நாள். கடந்து போனார்கள். நானூறு கிலோமீட்டர் தூரத்தில். வியாபாரத்தில் இதைப் பக்கத்து வீடு என்போம்.

தண்ணீர் 66, தானாக ஆறிக்கொண்டிருக்கிறது. அறைச் சூட்டைத் திரும்பப் போடலாம். போடவில்லை. மிச்ச மின்சாரத்தை அலைபரப்பிக்குக் கொடுத்தேன், அவர்கள் தூரம் போகப் போகக் கேட்க வேண்டுமே.

எடை 47.

பங்குனி 25 — காலை 08:20

பெனித்தா: “பத்தொம்பது பேருக்கு வந்துட்டு. சிலுவைக்கும். படுத்த இடத்துலயே போவுது. அரை அளவுன்னு பேசினவனுவ எல்லாம் இப்ப தொட்டிக்கிட்டயே கெடக்கானுவ. பூட்டுப் போட்டு நான் சாவிய இடுப்புல முடிஞ்சிருக்கேன். அண்ணாச்சி, என்ன செய்ய?”

கழிவுநீர் இயந்திரத்தைத் திறக்கச் சொன்னேன். வருகிற தண்ணீரைக் கொதிக்க வைத்தால் குடிக்கலாம், சோறு பொங்க வேண்டாம், கரண்டு முழுவதையும் அதற்கே விடு, ஒரு நாளைக்கு இருபது லிட்டராவது கிடைக்கும் என்றேன்.

மாலை 16:45. பெனித்தா: “தெறந்தேன். பம்பு சுத்தல. ரெண்டு வாரமாக் காஞ்சு கெடந்து பிடிச்சிக்கிட்டு. சுத்தியலால அடிச்சுப் பாத்தேன். கம்பி ஒடஞ்சிட்டு.”

பங்குனி 27 — பகல் 11:30

இடது கையால் எழுதுகிறேன். வலது விரல்கள் மடங்கவில்லை. அறை 1 டிகிரி.

சிலுவை பேசினார். நாக்கு வறண்டு பேச்சு குழறியது, இருந்தாலும் அவர்தான்.

“தவசிக்கனி. எத்தன டன்னு வச்சிருக்கீரு?”

ஆறு என்றேன்.

“எங்களுக்குன்னா?”

ஆமாம் என்றேன்.

“எம் பொண்டாட்டிகிட்ட, தண்ணி கெடைக்கலன்னு மட்டும் சொல்லிரும். வேற ஒண்ணும் சொல்லாதீரும்.”

சரி என்றேன். இதை எழுதுவதால் அவருக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். படிக்கிறவர் எனக்காக அல்ல, அவருக்காக மன்னிக்கவும். இது பதிவில் இல்லாவிட்டால் அடுத்த கிடங்கிலும் இதுவே நடக்கும்.

பங்குனி 29 — நேரம் பார்க்கவில்லை

பெனித்தா: “அண்ணாச்சி, இருக்கியளா?”

இருக்கிறேன்.

“பதினொருத்தர் போயாச்சு. மத்தவனுவ பேச மாட்டேங்கானுவ. கண்ணு மட்டும் அசையுது. எனக்கும் நேத்துல இருந்து போவுது. அந்தத் தண்ணி இன்னும் சூடாவா இருக்கு?”

இல்லை, ஆறிவிட்டது, குடிக்கிற பதம் என்றேன்.

“ஒரு சத்தம் கேக்க வைங்களேன்.”

எழுந்து போக முடியவில்லை. தரையில் நகர்ந்து போனேன். இரண்டாம் தொட்டிச் சுவரில் ஒலிவாங்கியை ஒட்ட வைத்து, உள்ளே இருக்கும் கலக்கியை ஓடவிட்டேன். ஆறு டன் தண்ணீர் அசைகிற சத்தம். இருபது நிமிடம் ஓடவிட்டேன்.

அந்தப் பக்கம் யாரோ அழுதார்கள். அல்லது சிரித்தார்கள். பல பேர்.

பிறகு எதுவும் வரவில்லை.

சித்திரை

எத்தனை தேதி என்று தெரியவில்லை. டாக்டர் பேசுகிறார், பதில் சொல்ல முடியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். என் பேர்தான்.

முதல் தொட்டி: குடிக்க வேண்டாம். மூன்றாம் தொட்டி: குடிக்க வேண்டாம். என்னைத் தூக்கும்போது கையுறை போடுங்கள். கழிப்பறை

இரண்டாம் தொட்டி ஆறு டன். பூட்டியபடி. 75இல் ஒரு மணி நேரம் நின்றது. நல்ல தண்ணீர். முப்பத்தொரு பேருக்கு வைத்தது, யாரும் எடுக்கவில்லை. வருகிறவர்கள் தாகத்தோடுதான் வருவீர்கள். குடியுங்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். டாக்டர் ஜுலைகாவைக் கேட்டுக்கொண்டாவது குடியுங்கள். கொட்டிவிடாதீ